இறைச்சிப் பலகையில் ஒரு சண்டை ரோபோ



தேசிக்காய் ஊறுகாய் பற்றி இம்மாதம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த மாதத்திற்குப் போகட்டும். என் இளைய மகள் என்னை வேறொரு விடயத்தில் மாட்டிவிட்டாள்.

தரம் 10 படிக்கிறாள். ஒரு நாள் அஸருக்குப் பிறகு வாவிக்கரையில் காற்றுக்காக உட்கார்ந்திருந்தோம். "உம்மா, நம்மட பழைய பிளாஸ்டிக் இறைச்சிப் பலகையத் தாங்களேன். நான் சண்டை ரோபோ ஒண்டு செய்யப்போறன்" என்றாள்.

சண்டை ரோபோ என்றால் என்ன என்று உங்களைப் போலத்தான் நானும் கேட்டேன். றிமோட்டால் ஓடும் இரண்டு சிறு வண்டிகளை உடையாத பிளாஸ்டிக் தகட்டால் அடைத்த ஒரு பெட்டிக்குள் விடுவார்கள். ஒன்றையொன்று தள்ளும், கவிழ்க்கும். நேரம் பெரும்பாலும் 3 நிமிடம். அதற்குள் அசைய முடியாமல் போனது தோற்றது. இரண்டும் அசைந்துகொண்டிருந்தால் எது துணிந்து போனது, எது அதிகம் சேதப்படுத்தியது, எது சொன்னபடி கேட்டது என்று பார்த்து நடுவர்கள் தீர்ப்புச் சொல்வார்கள்.

அவள் சொல்லிக்கொண்டே போனாள். எனக்கோ மனம் 2019க்குப் போய்விட்டது.

அந்த ஏப்ரல் 21க்குப் பிறகு நம் ஊர்ப்பக்கம் எப்படியிருந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அப்போது என் மூத்தவனுக்குப் பதினைந்து வயது. பழைய விளையாட்டுக் கார்களில் கழற்றிய மோட்டார்கள், வயர், கைபேசிப் பற்றரிகள், ஒரு றிமோட், இவையெல்லாம் போட்ட பிஸ்கட் டின் ஒன்று அவன் கட்டிலுக்கடியில் இருந்தது. யாரும் எங்கள் வீட்டுக்கு வந்து எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் சோதனை நடக்கிறது என்ற பேச்சு ஒவ்வொரு வீட்டிலும் இருந்த காலம். வயரும் பற்றரியும் றிமோட்டும் ஒரே டின்னில் இருப்பதை நினைத்து இரண்டு இரவு நான் தூங்கவில்லை. மூன்றாம் நாள் அதைப் பழைய சீலைத் துண்டில் சுற்றிப் பின்வாசலால் கொண்டுபோய்ப் பழைய இரும்பு வாங்குபவரிடம் கொடுத்துவிட்டேன். அவர் பதிலுக்கு ஒரு சவர்க்காரக் கட்டி தந்தார். மகன் தேடியபோது, தெரியாது என்றேன். பிறகு அவன் உயர்தரத்தில் வணிகப் பிரிவு எடுத்தான். இரண்டுக்கும் தொடர்பில்லை என்றுதான் அவன் சொல்கிறான்.

இப்படி மாட்டிக்கொண்டது நாம் மட்டுமல்ல. 2017 ஜூலையில் அமெரிக்காவின் வாஷிங்டனில் பல நாட்டு மாணவர்களின் ரோபோப் போட்டி நடந்தது. ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரிலிருந்து ஆறு பெண்பிள்ளைகள் போக வேண்டும். அவர்களுக்கு வந்த ரோபோப் பாகங்கள், பயங்கரவாதிகள் கையில் போய்விடுமோ என்ற பயத்தில் சுங்கத்தில் தடுத்துவைக்கப்பட்டன. விசாவும் இரண்டு தடவை மறுக்கப்பட்டது. கடைசி நேரத்தில்தான் அனுமதி கிடைத்தது. போனார்கள், துணிவுக்கான வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பினார்கள். 2020இல் கொரோனா வந்தபோது அதே குழுவினர் பழைய டொயோட்டா கொரொல்லா காரின் பாகங்களைக் கொண்டு மலிவான செயற்கைச் சுவாசக் கருவி செய்ய முயன்றார்கள். அந்தப் பிள்ளைகளின் தாய்மாரும் என்னைப்போல் இரவில் விழித்திருந்திருப்பார்கள். ஆனால் டின்னை வீசவில்லை.

பலகையைக் கொடுத்தேன். இரண்டு நிபந்தனை வைத்தேன். வேலை முழுவதும் முன் விறாந்தையில், போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி நடக்க வேண்டும். கொழும்பிலிருந்து வரவழைக்கும் சாமான்களின் பில்களை ஒரு கோப்பில் போட்டு, விஞ்ஞான ஆசிரியையிடமும் விடயத்தைச் சொல்ல வேண்டும். ஒளித்துச் செய்தால்தானே சந்தேகம் வரும்.

அவருடைய வாப்பாவுக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, வேறு கவலை. "இது சேவல் சண்டை மாதிரித்தானே?" என்றார். மிருகங்களை மூட்டிவிடுவது நமக்குத் தடை என்பது சரி. இங்கே அடிபடுவது பிளாஸ்டிக்கும் திருகாணியும். பந்தயப் பணம் கட்டாதவரை தவறில்லை என்று நான் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தேநீரைக் குடித்தார். எங்கள் வீட்டில் அது சம்மதம்.

இனி வேலைக்கு வருகிறேன். முதல் தடவை செய்கிறவர்கள் பெரிதாகத் தொடங்கக்கூடாது. இந்தியாவில் பொறியியல் கல்லூரி மாணவர்கள் 60 கிலோ எடையில்கூடச் செய்கிறார்கள். அதில் சுழலும் இரும்பு கையைத் துண்டாக்கிவிடும். இங்கிலாந்தில் எறும்பு எடை என்றொரு பிரிவு உண்டு. 150 கிராமுக்கு மேல் போகக்கூடாது. பக்கத்துக்கு 4 அங்குலமுள்ள ஒரு பெட்டிக்குள் அடங்க வேண்டும். மகள் எடுத்தது அதைத்தான். சுழலும் கத்தி எதுவும் இல்லை. முன்னால் ஒரு சாய்வுத் தகடு மட்டும். தோசைக்கரண்டியை எப்படித் தோசைக்கடியில் விடுகிறோம்? நுனி கல்லோடு ஒட்டினால்தான் தோசை கிழியாமல் வரும். அதே கதைதான். தகட்டின் நுனி தரையிலிருந்து ஒரு நூல் உயர்ந்தாலும் எதிராளி நம் அடியில் புகுந்துவிடுவான்.

மோட்டார் தனியே இருந்தால் மிக வேகமாகச் சுற்றும், ஆனால் பலமில்லை. விரலால் பிடித்தால் நின்றுவிடும். தையல் மெஷினில் கீழே பெரிய சக்கரம், மேலே சின்னது. காலால் மெதுவாக மிதிக்க, மேலே வேகமாக ஓடுகிறது. இதில் அதைத் தலைகீழாக்க வேண்டும். சின்னப் பற்சக்கரம் பெரியதைச் சுற்றினால் வேகம் குறையும், பலம் கூடும். அப்படிப் பற்சக்கரப் பெட்டியோடே விரல் நுனியளவில் மோட்டார்கள் கிடைக்கின்றன. சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு போதும். இரண்டும் ஒரே பக்கம் சுற்றினால் நேரே போகும், எதிரெதிராகச் சுற்றினால் நின்ற இடத்தில் திரும்பும். சக்கரம் உடம்பின் உயரத்தைவிடப் பெரிதாக இருந்தால், கவிழ்த்துப் போட்டாலும் ஓடும். கவிழ்த்த ஆமைக்கு அந்த வசதியில்லை.

பற்றரி விடயத்தில் மட்டும் தாய்மார் பக்கத்தில் இருக்க வேண்டும். லித்தியம் பொலிமர் பற்றரி எடை குறைவு, சக்தி அதிகம், கோபமும் அதிகம். குத்துப்பட்டாலும் அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறினாலும் தீப்பற்றும். ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக்கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கவும் கூடாது. அதற்கென்றுள்ள சார்ஜரில்தான் போட வேண்டும், கைபேசிச் சார்ஜரில் அல்ல. வயிறு ஊதிய பற்றரியைத் திரும்பப் பாவிக்காதீர்கள். எங்கள் வீட்டில் மீன் ஆக்கிய பழைய மண்சட்டி ஒன்று இப்போது இதற்காகவே சீமெந்துத் தரையில் இருக்கிறது. சார்ஜ் ஏறும்போது ஒருவர் விழித்திருப்போம்.

இன்னொன்று. முதலில் றிமோட், பிறகு ரோபோ. நிறுத்தும்போது முதலில் ரோபோ, பிறகு றிமோட். ரோபோவைச் சக்கரம் தரையில் படாமல் தூக்கிவைத்து, ஓடும்போது றிமோட்டை நிறுத்திப் பாருங்கள். சக்கரம் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அது இன்னும் விளையாடத் தயாரில்லை.

இந்த விளையாட்டில் ஒரு பெரிய போட்டி தொடங்கியதே வீட்டு வேலையில்தான் என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் மார்க் தோர்ப் என்பவர் வீடு கூட்டும் வாக்குவம் கிளீனரை றிமோட்டில் ஓடவைக்க முயன்றாராம். அது கூட்டியதோ இல்லையோ, 1994இல் சான் பிரான்சிஸ்கோவில் ரோபோச் சண்டைப் போட்டி ஒன்றை நடத்திவிட்டார். ஓரிரு வருடத்தில் லீசா வின்டர் என்ற சிறுமி தன் தகப்பனோடு சேர்ந்து களத்தில் இறங்கினாள். பின்னால் அவள் கொண்டுவந்த ஒரு ரோபோவின் ஆயுதம் என்ன தெரியுமா? பிள்ளைகள் மணல் விளையாடும் பொறிவண்டு வடிவத் தொட்டியின் பிளாஸ்டிக் மூடி. எதிராளியை அப்படியே மூடி அமுக்கிவிடும். கோழிக்குஞ்சைக் கூடையால் மூடுவதும், வாவியில் கரப்புக் குத்தி மீன் பிடிப்பதும் நமக்குப் புதிதா என்ன?

1206இல் அல் ஜஸரி எழுதிய பொறிகள் பற்றிய நூலை மேடைகளில் நாம் விடாமல் பெருமை பேசுகிறோம். அதில் கைகழுவத் தண்ணீர் ஊற்றும் பொறிகூட உண்டு. நம் வீட்டில் ஈயம் வைத்து இரண்டு வயரை ஒட்டத் தெரிந்தவர் எத்தனை பேர் என்று மட்டும் கேட்பதில்லை. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இலேயே வந்துவிட்டது. ஒலுவில் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடமும் இருக்கிறது.

சென்ற விடுமுறையில் மூத்தவன் கொழும்பிலிருந்து வந்தான். விறாந்தையில் தங்கை வயரோடு மல்லுக்கட்டுவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து சோல்டரிங் அயனை வாங்கினான். இஷாவுக்குப் பிறகு அவனைக் குசினிக்குக் கூப்பிட்டு டின் கதையைச் சொன்னேன்.

"தெரியும் உம்மா. பின்வாசலால நீங்க போறத நான் பார்த்தன்" என்றான்.

"அப்ப ஏன் மகன் கேக்கல்ல?"

"உங்கட கை நடுங்கின. அதான்."

அதற்குமேல் அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வெளியே தங்கை "காக்கா, இடது சக்கரம் பின்னுக்குப் போகுது" என்று கூப்பிட்டாள். வயர் இரண்டையும் மாற்றிக் கொடுத்திருந்தாளாம்.

மா நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தோம். 162 கிராம் காட்டியது. 12 கிராம் குறைக்க வேண்டும். பலகையில் எந்த இடத்தில் துளை போடுவது என்பதில் காக்காவுக்கும் தங்கைக்கும் இன்னும் முடிவாகவில்லை. நான் சந்தையிலிருந்து புதுப் பலகை ஒன்று வாங்கி வந்திருக்கிறேன், இறைச்சி வெட்ட. அதைக் குசினி அலுமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.