மலையேறும் பழைய வேனை முன்வைத்துச் சில எண்ணங்கள்

சாரல் பருவத்தில் குற்றாலம் செல்வது எங்கள் வாசக நண்பர்களின் ஆண்டு வழக்கம். ரசிகமணி டி.கே.சி. தம் இறுதிக்காலத்தைக் கழித்த ஊர் என்பது வெளியே சொல்லும் காரணம். அருவிக் குளியலும் செங்கோட்டைப் பக்கத்துப் புரோட்டாவும் சொல்லாத காரணங்கள். எங்களைச் சுமந்து செல்வது நண்பர் ஒருவர் பிள்ளைபோல் பேணிவரும் பழைய மெட்டடார் வேன்.

ஒருமுறை குற்றாலத்தோடு நில்லாமல் ஆரியங்காவு வரை போய்வரலாம் என்று கிளம்பினோம். செங்கோட்டை வரை வேன் குறைசொல்ல இடமின்றி ஓடியது. புளியரையைத் தாண்டி எஸ் வளைவில் ஏறத் தொடங்கியதும் இரண்டாம் கியரில் முனகியது. பிறகு முதல் கியருக்கு இறங்கியது. பின்னால் கேரளத்துக்குச் சரக்கேற்றிச் செல்லும் லாரிகள் வரிசைகட்டி ஒலியெழுப்பின. நண்பர் ஒரு சொல்லும் பேசவில்லை. அன்றிரவு விடுதியில் மட்டும், “இதற்கு ஒரு டர்போ கட்டிவிடுவோம்” என்றார். இலக்கியக் கூட்டம் அத்துடன் இயந்திரவியல் கூட்டமாயிற்று.

டர்போ என்பது எஞ்சினுக்கு ஊட்டப்படும் கூடுதல் மூச்சு. வீணே வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறோம். அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று மிகுந்தால் கூடுதல் டீசலை எரிக்கலாம், இழுவை கூடும். ஆல்ஃபிரட் பூஷி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1905ஆம் ஆண்டிலேயே இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். தமிழகத்துக்கும் இது புதிதன்று. ஜெர்மானிய நிறுவனத்தின் கூட்டுறவோடு 1982இல் தொடங்கப்பட்ட டர்போ எனர்ஜி நிறுவனம் இங்கேயே டர்போக்களைச் செய்துவருகிறது.

நண்பர் கட்ட விரும்பியது ‘ஹைப்ரிட் டர்போ’. மின்சாரக் கார்களோடு இப்பெயருக்குத் தொடர்பில்லை. ஒரு டர்போவின் வெளிக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு, உட்புறத்தை லேத்தில் கடைந்து அகலப்படுத்தி, வேறொரு டர்போவின் பெரிய கம்ப்ரசர் சக்கரத்தை அதில் பொருத்துவதே ஹைப்ரிட். சொல்வது எளிது. அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழல்வது. அதைத் தாங்குவது எண்ணெயின் மெல்லிய படலம் மட்டுமே. முடியளவு கோணல் இருந்தாலும் சக்கரம் கூட்டில் உரசிச் சிதறும். ஆகவே ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகவும், பிறகு சேர்த்தும் பேலன்சிங் செய்தாக வேண்டும். இதைக் கையால் செய்யக்கூடியவர்களைக் கைவினைஞர்கள் என்றே நாங்கள் கருதுகிறோம். சிற்பியை வணங்கும் நம் சமூகம் கடைசல்காரரை வணங்குவதில்லை என்பது வேறு கதை.

தென்காசியில் பல்லாண்டுகளாக டீசல் வண்டிகளோடு வாழும் பட்டறைக்காரர் ஒருவரிடம் நண்பர் தம் திட்டத்தை விரித்தார். எவ்வளவு பெரிய சக்கரம் கிடைக்குமோ அவ்வளவு பெரிதாக வேண்டும் என்றார். முழுவதையும் பொறுமையாகக் கேட்ட பட்டறைக்காரர் சொன்னது இதுதான்: “அண்ணாச்சி, இழுவைக்கு நான் வழி சொல்லுதேன். மொதல்ல நிறுத்துததுக்கு என்ன வழி வச்சிருக்கீய?”

இந்தக் கேள்வியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

பெரிய சக்கரம் கனமானது. சுழலத் தொடங்க நேரமெடுக்கும். கொண்டை ஊசி வளைவில் எஞ்சினின் சுற்று குறைந்திருக்கும்போது, அதாவது இழுவை மிகவும் தேவைப்படும் அந்தக் கணத்தில், அது உறங்கிக்கொண்டிருக்கும். குறைந்த சுற்றில் அதிகப் பாரம் ஏற்றினால் அழுத்திய காற்றே திரும்பிப் பாய்ந்து படபடக்கும். அந்த அடி பேரிங்கின்மேல் விழும். வளைவு பாதி கடந்தபின் திடீரென இழுவை வந்து குதிக்கும். மெட்டடாரோ முன்சக்கரங்களால் இழுக்கப்படும் வண்டி. ஏற்றத்தில் ஆட்களும் மூட்டைகளும் பின்பக்கம் அழுந்த, முன்சக்கரங்களின் பிடி தளரும். சாரலில் நனைந்த சாலையில் அவை இருந்த இடத்திலேயே சுழலும். கதிரவனின் தேர்ச்சக்கரமே இம்மலையின் ஈரத்தில் சறுக்குவதாகக் குற்றாலக் குறவஞ்சியில் திரிகூடராசப்பக் கவிராயர் கற்பனை செய்தார். ஏழு குதிரை பூட்டிய தேருக்கே அந்தக் கதி என்றால், குதிரைத்திறனைக் கூட்டினால் மட்டும் போதும் என்று நாம் எண்ணுவது பேதைமையன்றோ?

பட்டறைக்காரரின் யோசனை வேறு. டர்பைன் சிறிதாக இருக்கட்டும். அப்போதுதான் குறைந்த சுற்றிலேயே விழித்துக்கொள்ளும். கம்ப்ரசர் சக்கரம் ஓரளவே பெரிதாகட்டும். அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்து, புகையின் வெப்பத்தைக் காட்டும் மானி ஒன்றைப் பொருத்தி, அதற்கேற்ப டீசல் பம்பைத் திருத்தலாம். இந்த அடக்கமான கணக்கில்தான் ஹைப்ரிட் என்பதன் உண்மையான பொருள் இருக்கிறது. தன் வண்டிக்கும் தன் சாலைக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டை அது.

பிற்கால மெட்டடார்களில் இருந்தது மெர்சிடஸ் உரிமத்தில் செய்யப்பட்ட 2.4 லிட்டர், நான்கு உருளை டீசல் எஞ்சின். அதன் ஐந்து உருளைச் சகோதரனுக்கு மெர்சிடஸ் நிறுவனமே டர்போ பொருத்தி, 1978இல் 300 எஸ்டி என்ற காரில் விற்றது. ஆனால் டர்போவை மட்டும் மாட்டிவிட்டு அவர்கள் ஓயவில்லை. பிஸ்டன்களைக் குளிர்விக்க எண்ணெய்ப் பீச்சிகள் வைத்தார்கள். வெளியேற்று வால்வுகளுக்குள் சோடியம் நிரப்பினார்கள். கிராங்க் தண்டை உறுதிப்படுத்தினார்கள். மூச்சைக் கூட்டியவர்கள் நெஞ்சையும் வலுப்படுத்தினார்கள். நம் பட்டறைகளில் இரண்டாவது வேலை பலநேரம் விட்டுப்போகிறது. ஏறுவதற்கு உதவும் டர்போ இறங்குவதற்கு உதவாது என்பதும் மறக்கப்படுகிறது. ஆரியங்காவிலிருந்து திரும்பி இறங்கும் வண்டிக்குத் துணை, எஞ்சினின் தடையும் சூடேறாத பிரேக்கும் மட்டுமே.

இவ்வளவும் ஆர்வலர்களுக்கு. இனிச் சட்டத்துக்கும் ஒரு சொல்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடைசெய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். காதைக் கிழிக்கும் புகைக்குழல்களையும் கண்ணைப் பறிக்கும் விளக்குகளையும் சாலையில் சந்திக்கும் எவரும் இச்சட்டத்தின் தேவையை மறுக்க மாட்டார்கள். நாங்களும் மறுக்கவில்லை. ஆனால் கணக்குப்போட்டு, அளந்து, பிரேக்கையும் சேர்த்து மேம்படுத்தும் கைவினைஞரும் அந்தப் புகைக்குழல்காரரும் சட்டத்தின் கண்ணுக்கு ஒருவரே என்பதுதான் எங்கள் மனக்குறை. எரிவாயுவுக்கோ மின்கலத்துக்கோ மாற்ற, அங்கீகரிக்கப்பட்ட கருவித் தொகுப்புகளுக்கு இதே பிரிவு வழிவிடுகிறது. மாற்றம் என்பதே பாவம் என்று சட்டம் கருதவில்லை; பரிசோதிக்கப்படாத மாற்றத்தையே அஞ்சுகிறது. அப்படியானால் பரிசோதிக்க ஏன் ஒரு வாசல் இருக்கக் கூடாது? ஜெர்மனியில் மாற்றியமைத்த வண்டியை அங்கீகாரம் பெற்ற பொறியாளரிடம் கொண்டுசெல்லலாம். பிரேக், புகை, உறுதி அனைத்தையும் சோதித்து அவர் ஒப்பினால் மாற்றம் வண்டியின் ஆவணத்தில் ஏறும், ஒப்பாவிட்டால் ஏறாது.

இது நமக்குப் புறம்பான மரபும் அன்று. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் பங்கீடு வந்தபோது, கரியை எரித்து வாயு தரும் கலன்களைப் பேருந்துகளில் பூட்டி ஓட்டினார்கள். மதுரையில் டி.வி.எஸ். நிறுவனம் அத்தகைய கலன்களைச் செய்து கொடுத்தது. பழைய வண்டியைப் புதிய நெருக்கடிக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளும் அறிவு அன்று நாட்டுக்குத் தேவைப்பட்டது. இன்று அந்த அறிவுக்கு முகவரி இல்லை. வாசல் இல்லாத வீட்டில் ஆட்கள் சுவரேறிக் குதிப்பார்கள். அப்படிக் குதித்த மாற்றங்களை எவரும் சோதிப்பதில்லை. விபத்துக்குப் பிறகுதான் அவை தெரியவருகின்றன.

நண்பரின் ஹைப்ரிட் டர்போ சில மாத உழைப்பில் உருப்பெற்றுவிட்டது. பட்டறைக்காரர் அதைக் கையில் வைத்து விரலால் சுண்டிக் காட்டினார். ஓசையே இன்றி நெடுநேரம் சுழன்றது. எங்களுள் ஒருவர், “வெண்பாவில் தளை தட்டாத மாதிரி” என்றார். சரியான உவமை.

ஆனால் அது வேனில் ஏறவில்லை. வண்டியில் வருபவர்கள் எட்டுப் பேர். விபத்தொன்று நேர்ந்தால் அந்த மாற்றத்துக்கு எந்தக் காகிதமும் துணைநில்லாது என்று நண்பரே முடிவெடுத்தார். அந்தப் பணத்தில் பிரேக்கையும் கிளட்சையும் புதுப்பித்தார். டீசல் பம்பைச் சீராக்கினார். அடுத்த சாரலில் எஸ் வளைவை முதல் கியரிலேயே ஏறினோம். பின்னால் வந்த லாரிகளுக்கு ஒதுங்கி வழிவிட்டோம்.

டர்போ இன்னும் பட்டறை அலமாரியில், செய்தித்தாளில் சுற்றியபடி இருக்கிறது. செய்யத் தெரிந்த கை இருக்கிறது. செய்த பொருளும் இருக்கிறது. சோதித்துப் பார்த்து, சரி என்றோ தவறு என்றோ சொல்ல ஓர் ஆள்தான் இல்லை. தவறு என்று சொன்னாலும் நாங்கள் ஏற்றுக்கொள்வோம்.