பழைய இயந்திரத்தின் நாட்காட்டி

சிறுதொழில் நடத்துவோர் இயந்திரக் கடனுக்காக வங்கியை அணுகும்போது பல கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டியிருக்கிறது. இயந்திரத்தின் விலை என்ன, எந்த ஆண்டில் செய்யப்பட்டது, இன்னும் எத்தனை ஆண்டு உழைக்கும், விற்றால் என்ன கிடைக்கும் என்றெல்லாம் கேட்கிறார்கள். அந்த இயந்திரத்தை இயக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு எந்த ஆண்டு வரை எண்ணத் தெரியும் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. வங்கியும் கேட்பதில்லை, விற்பவரும் சொல்வதில்லை, வாங்குபவருக்கும் தோன்றுவதில்லை. இனியாவது இக்கேள்வி கேட்கப்பட வேண்டும் என்பது என் கருத்து.

தில்லியின் மேற்கில் உள்ள ஜனக்புரி, தமிழர் பலர் குடியேறி வாழும் பகுதி. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று அங்கே இருக்கிறது. இந்தியாவில் ஓட்டுநர் இல்லாத முதல் மெட்ரோ ரயில் 2020 டிசம்பர் 28 அன்று ஓடத் தொடங்கியதும் ஜனக்புரி மேற்கு நிலையத்திலிருந்து தாவரவியல் பூங்கா நிலையம் வரை அப்போது சென்ற அந்தத் தடத்தில்தான். ஏறக்குறைய 37 கிலோமீட்டர் தூரத்தைக் கணினியின் பொறுப்பில் விட்டிருக்கும் அந்த நிலையத்திலிருந்து சில கிலோமீட்டர் சென்றால் மாயாபுரி தொழிற்பேட்டை வந்துவிடும். பழைய வாகன உதிரிபாகங்களும் கழித்துக் கட்டப்பட்ட இயந்திரங்களும் கைமாறும் இடம் அது. வேறோர் ஆலை தூக்கி எறிந்ததை வாங்கி, துடைத்து, எண்ணெயிட்டு, இன்னும் பத்தாண்டு ஓட்டிவிடும் திறமை அங்குள்ள பட்டறைகளுக்கு உண்டு. கோவையிலும் அம்பத்தூரிலும் அதே திறமையைக் காணலாம். அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் இரும்பைப் புதுப்பிக்கத் தெரிந்த கைகளுக்கு, பேனலுக்குள் இருக்கும் கடிகாரம் பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை.

சிக்கல் என்னவென்று புரிந்துகொள்ளத் தமிழருக்கு நெடிய விளக்கம் தேவையில்லை. நம் பஞ்சாங்கத்தில் பிரபவ முதல் அட்சய வரை அறுபது பெயர்கள் உள்ளன. அறுபதும் முடிந்தால் மீண்டும் பிரபவ. "பிரபவ ஆண்டு பிறந்தவர்" என்று மட்டும் எழுதி வைத்தால், அவர் 1927இல் பிறந்தவரா 1987இல் பிறந்தவரா என்பது தெரியாது. அதனால்தான் முறையாகச் சாதகம் கணிப்பவர்கள் கலியுக ஆண்டையோ சக ஆண்டையோ சேர்த்தே எழுதுவார்கள். பழைய கட்டுப்பாட்டுக் கருவிகளைச் செய்தவர்கள் இந்த இரண்டாம் வரியை எழுதாமல் விட்டுவிட்டார்கள். நினைவகம் விலை உயர்ந்ததாக இருந்த காலம் அது. ஆண்டுக்கு இரண்டே இலக்கம் போதும் என்று முடிவு செய்தார்கள். சிலர் விநாடிகளை எண்ணிக்கொண்டே போகும் ஒரு சிறு எண்ணுவானை வைத்தார்கள். இரண்டுமே ஒரு நாள் நிரம்பி, முதலிலிருந்து தொடங்கும்.

அவ்வாறு நேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூசிலாந்தின் டிவாய் பாயின்ட் அலுமினிய உருக்காலையைவிடத் தெளிவான சான்று வேறில்லை. 1996 லீப் ஆண்டு. அவ்வாண்டின் டிசம்பர் 31, வருடத்தின் 366ஆவது நாள். ஆலையின் கட்டுப்பாட்டு நிரல் 365க்கு மேல் நாள் உண்டு என்று அறியாதது. நள்ளிரவு அடித்ததும், உருக்குக் கலங்களைக் கண்காணித்துவந்த 660 கணினிகளும் ஒரே நேரத்தில் நின்றுபோயின. வெப்பத்தைக் கட்டுப்படுத்த வழியின்றி ஐந்து கலங்கள் பழுதடைந்தன. இழப்பு பத்து லட்சம் நியூசிலாந்து டாலருக்கு மேல். சரியாக இரண்டு மணி நேரம் கழித்து, ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் அதே நிரலைப் பயன்படுத்திய பெல் பே ஆலையிலும் அதுவே நிகழ்ந்தது. அங்கே நள்ளிரவு இரண்டு மணி நேரம் தாமதமாக வருகிறது, அவ்வளவுதான் வேறுபாடு. இயந்திரம் எதுவும் தேயவில்லை, மின்சாரம் தடைப்படவில்லை, தொழிலாளர் எவரும் தவறிழைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

வங்கித் துறையும் இதற்கு விலக்கன்று. 2010 ஜனவரி முதல் நாள் ஜெர்மனியில் ஏறக்குறைய மூன்று கோடி வங்கி அட்டைகள் செயலிழந்தன. அட்டையில் பதித்திருந்த சில்லுக்கு 2010 என்ற ஆண்டைப் படிக்கத் தெரியவில்லை. விடுமுறைக்காக வெளியூர் சென்றிருந்தவர்கள் கையில் பணமின்றித் தவித்தனர். அதே வாரம் ஆஸ்திரேலியாவில் ஒரு வங்கியின் அட்டை இயந்திரங்கள் 2016 என்று காட்டி, வாடிக்கையாளரின் அட்டைகள் காலாவதியாகிவிட்டதாகச் சொல்லித் திருப்பி அனுப்பின. பத்து என்ற எண்ணைப் பதினாறின் அடிமானத்தில் வாசித்ததால் வந்த குழப்பம் அது. ஜெர்மானியர் அதைச் சீர்செய்த முறை நமக்குப் பாடமாகக் கூடியது. மூன்று கோடி அட்டைகளையும் திரும்பப் பெற்றுப் புதிதாக வழங்குவது பெருஞ்செலவு. ஆகவே அட்டையை விட்டுவிட்டு, அதைப் படிக்கும் இயந்திரங்களின் மென்பொருளை மாற்றினார்கள். நோய் ஓரிடத்தில் இருக்க, மருந்தை அதற்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ணுவோருக்கு ஒரு தேதியைச் சொல்ல வேண்டும். 1970 ஜனவரி முதல் நாளிலிருந்து விநாடிகளை எண்ணிவரும் 32 இருமக் கடிகாரங்கள் இன்றும் எண்ணற்ற கருவிகளில் உள்ளன. அவற்றால் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 விநாடிகள் வரைதான் எண்ண முடியும். இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு அந்தக் கணக்கு முடிகிறது. அடுத்த விநாடியில் அவை 1901 டிசம்பருக்குப் பின்னோக்கிச் சென்றுவிடும். அன்று செவ்வாய்க்கிழமை என்பதால் பெரும்பாலான ஆலைகளில் காலை ஷிப்ட் நடந்துகொண்டிருக்கும். அதே ஆண்டு நவம்பர் 20 அன்று, ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் அனுப்பும் 1,024 வாரக் கணக்கும் மூன்றாம் முறையாகச் சுழியத்துக்குத் திரும்புகிறது.

2038 தொலைவில் இருப்பதாகத் தோன்றலாம். கடனின் கணக்கில் அது தொலைவுதான்; ஐந்து அல்லது ஏழு ஆண்டுகளில் தவணை முடிந்துவிடும். இயந்திரத்தின் கணக்கு வேறு. வருமான வரிச் சட்டம் இயந்திரங்களுக்குப் பொதுவாக ஆண்டுக்கு 15 விழுக்காடு தேய்மானம் அனுமதிக்கிறது. பத்து லட்சம் ரூபாய்க்கு வாங்கியதன் ஏட்டு மதிப்பு பத்தாண்டுகளில் இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் கீழே வந்துவிடும். ஏட்டில் தேய்ந்த இயந்திரம் பட்டறையில் தேய்வதில்லை. அந்த நிலையில்தான் அது தன் முதலாளிக்கு நிஜமான இலாபம் ஈட்டித் தருகிறது. அந்த நிலையில்தான் அதன் கடிகாரமும் விளிம்பை நெருங்குகிறது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்தாவிட்டால், தேவையற்ற அச்சத்தை விற்பவர்களுக்குத் துணைபோனதாக ஆகிவிடும். பெரும்பாலான இயந்திரங்களுக்கு இது எந்த ஆண்டு என்ற கவலையே கிடையாது. கடைசல் இயந்திரத்தின் மோட்டார் நாள் பார்த்துச் சுழல்வதில்லை. தேதி நுழையும் இடங்கள் சிலவே: பழுதுப் பதிவேடு, பராமரிப்பு நினைவூட்டல், பொட்டலத்தில் அச்சாகும் உற்பத்தி நாளும் காலாவதி நாளும், குறித்த நேரத்தில் தானே இயங்கும் பம்புகளும் கொதிகலன்களும், மென்பொருள் உரிமத்தின் முடிவு நாள். ஆகவே "உங்கள் பேனல் முழுவதையும் மாற்றியாக வேண்டும்" என்று ஒரு விற்பனையாளர் சொன்னால், எந்த வேலைக்குத் தேதி பயன்படுகிறது என்று காட்டும்படி அவரையே கேளுங்கள். காட்ட முடியாவிட்டால் பணத்தை வங்கியிலேயே வைத்திருங்கள்.

எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்களின் வாதத்தையும் நான் ஏற்பதற்கில்லை. "இரண்டாயிரமாம் ஆண்டுக்கு எவ்வளவோ பயமுறுத்தினார்கள், ஒன்றும் நடக்கவில்லையே" என்பார்கள். ஒன்றும் நடக்காததற்குக் காரணம், அதற்கு முன் சில ஆண்டுகள் உலகெங்கும் கோடிக்கணக்கான வரி நிரல்கள் திருத்தப்பட்டதுதான். அந்த வேலையில் கணிசமான பங்கை இந்திய மென்பொருள் நிறுவனங்கள் செய்தன. அதில்தான் அவை உலகச் சந்தையில் காலூன்றின. வெள்ளத்துக்கு முன் கரையை உயர்த்தியவனிடம், வெள்ளம் ஊருக்குள் வரவில்லையே என்று குறை சொல்வது முறையாகாது. அப்போது அவசரத்தில் செய்த சில திருத்தங்கள் தற்காலிகமானவை என்பது வேறு செய்தி. 00 முதல் 19 வரை இந்த நூற்றாண்டு, 20க்கு மேல் சென்ற நூற்றாண்டு என்று கோடு கிழித்துச் சமாளித்தவர்கள் உண்டு. 2020 பிறந்ததும் நியூயார்க் நகரின் வாகன நிறுத்தக் கட்டண இயந்திரங்கள் அட்டைகளை ஏற்க மறுத்தன; மென்பொருளில் குறித்திருந்த முடிவு நாளே அதற்குக் காரணம்.

சரி, பழைய கட்டுப்பாட்டுக் கருவியை எப்படிச் சீராக்குவது? செய்த நிறுவனம் திருத்திய மென்பொருளை வைத்திருந்தால் அதுவே முதல் வழி. பல சமயங்களில் அந்த நிறுவனமே இருக்காது. அப்போது எளிய வழி ஒன்று உண்டு: கடிகாரத்தை 28 ஆண்டுகள் பின்னே வைப்பது. கிழமைகளும் லீப் ஆண்டுகளும் 28 ஆண்டுகளுக்கு ஒருமுறை அப்படியே திரும்பிவரும். 2026ஆம் ஆண்டின் நாட்காட்டியும் 1998இன் நாட்காட்டியும் ஒன்றே. 2038க்கு 2010 பொருந்தும். ஞாயிறு விடுமுறை, வார அட்டவணை எதுவும் குலையாது. கருவியின் கணக்கு 1998ஐ ஏற்குமா என்பதை மட்டும் முன்னதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் உணவு, மருந்துப் பொட்டலங்களில் நாள் அச்சிடும் இயந்திரத்துக்கு இவ்வழி ஆகாது. அங்கே அச்சாகும் ஆண்டு சட்டப்படி சரியாக இருக்க வேண்டும். அதற்கு ஜெர்மானியர் வழிதான் சிறந்தது. பழைய கருவி இயந்திரத்தை ஓட்டட்டும். நாள் கணக்கை அருகில் வைக்கும் சிறு புதிய கருவி ஒன்று பார்த்துக்கொள்ளட்டும். மூன்றாவது வழி, நிரம்புமுன் அணைத்து மீண்டும் இயக்குவது. நகைப்புக்குரியதன்று இது. ஏர் இந்தியாவும் பயன்படுத்தும் போயிங் 787 விமானத்தில் மின்னாக்கிக் கட்டுப்பாட்டுக் கருவி இடைவிடாது 248 நாட்கள் இயங்கினால் எண்ணுவான் நிரம்பி மின்சாரம் நின்றுவிடக் கூடும் என்று 2015இல் கண்டறியப்பட்டது. 120 நாட்களுக்கு ஒருமுறையாவது மின்சாரத்தை முழுவதும் அணைத்துத் தொடங்க வேண்டும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஆணையிட்டது.

எதைச் செய்தாலும் ஓர் எச்சரிக்கை உண்டு. வேலை நேரத்தில் கடிகாரத்தை 2038க்குத் தள்ளிச் சோதித்துப் பார்க்க வேண்டாம். உரிமம் காலாவதியாகி, திரும்பப் பின்னே வைத்தாலும் திறக்காத கருவிகள் உண்டு. பழைய சி.என்.சி. இயந்திரங்கள் பலவற்றில் அளவுருக்கள் அனைத்தும் ஒரு சிறு பேட்டரியின் தயவில் நினைவில் நிற்கின்றன. சில நூறு ரூபாய் பேட்டரியை, மின்சாரத்தை அணைத்துவிட்டு மாற்றினால், சில லட்ச ரூபாய் இயந்திரம் தன் நினைவை முற்றிலும் இழந்துவிடும். ஆகவே முதலில் அளவுருக்களை நகல் எடுங்கள். பிறகு, கையேடு சொல்கிறபடி இயந்திரம் மின்சாரத்தில் இருக்கும்போதே பேட்டரியை மாற்றுங்கள்.

வங்கிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய இயந்திரத்துக்குக் கடன் தரும்போது மதிப்பீட்டாளரின் அறிக்கையில் ஒரு வரி கூட்டலாம்: கட்டுப்பாட்டுக் கருவியின் மாதிரி எண், அதன் தேதி வரம்பு. புதுப்பிப்புக்கென இரண்டு, மூன்று லட்சம் கேட்டு வருபவரை, புதிய இயந்திரம் வாங்கினால்தான் கடன் என்று திருப்பி அனுப்பாதிருக்கலாம். நல்ல வார்ப்பிரும்பு உடலும் தேயாத தண்டவாளமும் கொண்ட இயந்திரத்தைக் கடிகாரத்தின் பொருட்டுக் காயலான் கடைக்கு அனுப்புவது எவருக்கும் இலாபமன்று.

கடிகாரத்தைப் பின்னே வைத்தவர்கள், என்று, எத்தனை ஆண்டு, யார் வைத்தது என்பதை ஒரு தாளில் எழுதிப் பேனல் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். நாளை அந்த இயந்திரம் மாயாபுரியில் கைமாறும்போது, 1998 என்று காட்டும் திரையைக் கண்டு புதிய முதலாளியின் எலக்ட்ரீஷியன் அதைச் "சரி" செய்துவிடக் கூடும்.