சாதிக்கு ஒரு கட்டம் இல்லாத பயிற்சிப் படிவம்

போன வருடம் திருநெல்வேலியில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய இரண்டு நாள் பயிற்சிக்குப் போயிருந்தேன். களப்பணியாளர்களுக்கான 'திறன் மேம்பாட்டுப் பயிலரங்கு'. ஏசி ஹால், கழுத்தில் அடையாள அட்டை, பையில் நோட்டும் பேனாவும். முதல் நாள் பலூன் ஊதி விளையாடினோம், குழுவாகப் பிரிந்து சார்ட் ஒட்டினோம். இரண்டாம் நாள் அறிக்கை எழுதும் பயிற்சி. இலக்கு, செயல்பாடு, விளைவு, இடர் என்று நான்கு கட்டம் போட்ட படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள்.

பக்கத்தில் இருந்த அக்கா எழுந்தார். சங்கரன்கோவில் சுற்றுவட்டாரத்தில் பதினைந்து வருடமாகக் களத்தில் இருப்பவர், நம் மக்களில் ஒருவர். "சார், நான் வேலை பார்க்கிற ஊர்ல ரேஷன் கடை ஊர்த்தெருவுல இருக்கு. எங்க ஆளுக அந்தத் தெருவுல செருப்புப் போட்டு நடந்தா பிரச்சினை. இதை எந்தக் கட்டத்துல எழுதணும்?"

பயிற்சியாளர் நல்ல மனிதர்தான். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "இடர்ல போடுங்கம்மா. சாதிப் பேரெல்லாம் வேண்டாம், 'சமூகச் சூழல்'னு எழுதிடுங்க." அக்கா உட்கார்ந்துவிட்டார். டீ வந்தது.

பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கணக்கு எழுத, அறிக்கை எழுத, கூட்டம் நடத்தத் தெரிய வேண்டும்தான். ஆனால் இந்த மண்ணில் மக்கள் சேவைக்கு ஆள் தயாரிக்கும் பயிற்சி சாதியைப் பேசவில்லை என்றால், அது பாதிக்கப்பட்டவரைக் கடந்து போகவே சொல்லித் தருகிறது.

பாஞ்சாகுளத்தை நினைத்துப் பாருங்கள். சங்கரன்கோவிலிலிருந்து அதிக தூரமில்லை. 2022 செப்டம்பரில், மிட்டாய் வாங்க வந்த தலித் குழந்தைகளிடம் ஊர்க் கட்டுப்பாடு, இனி உங்களுக்குப் பொருள் தர முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார் ஒரு கடைக்காரர். அந்த வீடியோ நாடெங்கும் ஓடியது. வழக்குப் பதிவானது, கைது நடந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவின் கீழ், குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் வரக் கூடாது என்று நெல்லை சிறப்பு நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்படி ஒரு பிரிவு இருப்பதே நம் களப்பணியாளர்கள் பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. சட்டம் வந்தது 1989இல். இடையில் எத்தனை பயிலரங்குகள் நடந்திருக்கும்?

பேரிடர் காலத்தில் இந்த அறியாமை இன்னும் கொடுமையானது. 2004 சுனாமியின்போது நாகப்பட்டினத்தில் பிணங்களை அகற்ற வெளியூர் நகராட்சிகளிலிருந்தும் துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிவாரணப் பட்டியல் எழுதும்போது மட்டும் கதை மாறியது. படகும் வலையும் இழந்தவர்கள் பட்டியலில் வந்தார்கள். வர வேண்டியவர்கள்தான், அவர்களின் இழப்பு பெரிது. ஆனால் சொந்தப் படகு இல்லாமல் மீன் சுமந்தும், வயலில் கூலி பார்த்தும் பிழைத்த தலித் குடும்பங்கள் பல இடங்களில் விடுபட்டன. முகாமிலும் தண்ணீரிலும் நடந்த பாகுபாட்டை மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்தன. பட்டியல் எழுதிய எல்லோரும் வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். "என்ன இழந்தீர்கள்?" என்று கேட்டார்கள். "எதை நம்பிப் பிழைத்தீர்கள்?" என்று கேட்டிருக்க வேண்டும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் வண்டி ஏற்றிக்கொண்டு போன மாணவர்களுக்கு நான் சொல்வது புரியும். நிவாரண வண்டி மெயின் ரோட்டில் நிற்கும். காலனியோ பள்ளத்தில், தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருக்கும். வண்டிக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கே முதலில் கிடைக்கும்.

உலகம் முழுக்க நிவாரண அமைப்புகள் பயன்படுத்தும் 'ஸ்பியர்' கையேட்டைப் பயிற்சிகளில் கொடுப்பார்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர். 250 பேருக்கு ஒரு குழாய். வீட்டிலிருந்து 500 மீட்டருக்குள் தண்ணீர் கிடைக்க வேண்டும். எல்லாம் சரியான அளவுகள். ஆனால் அந்த 500 மீட்டர் யாருடைய தெரு வழியாகப் போகிறது? குழாயில் முதல் குடத்தை யார் வைப்பது? பாகுபாடு கூடாது என்று அந்தக் கையேடும் சொல்கிறது. நம் ஊரில் பாகுபாட்டுக்கு என்ன பெயர் என்று பயிற்சியாளர்தான் சொல்லித் தர வேண்டும்.

"நாங்கள் நடுநிலை" என்பார்கள். நடுநிலை வேறு, பாரபட்சமின்மை வேறு. அதிகம் தேவைப்படுபவருக்கு முதலில் கொடுப்பதுதான் பாரபட்சமின்மை. யாருக்கு அதிகம் தேவை என்று சாதியைப் பார்க்காமல் இந்த மண்ணில் எப்படிக் கண்டுபிடிப்பது?

இது புதிய கேள்வியும் இல்லை. 1932இல் தீண்டாமை ஒழிப்புக்கென்று ஒரு சங்கம் தொடங்கியபோது (பின்னாளில் ஹரிஜன் சேவக் சங்கம்), லண்டன் போகும் கப்பலிலிருந்து அதன் செயலாளர் தக்கருக்கு அண்ணல் அம்பேத்கர் நீண்ட கடிதம் எழுதினார். தனிமனிதரைத் திருத்தும் வேலையை விட, கிணற்றிலும் பள்ளியிலும் உரிமையை நிலைநாட்டும் வேலை முக்கியம் என்றார். ஊழியர்களை ஒடுக்கப்பட்ட மக்களிடமிருந்தே எடுங்கள், அவர்களுக்கு அது வெறும் கூலி வேலையாக இருக்காது என்றார். அந்தக் கடிதம் கிடைத்தது என்றுகூடப் பதில் வரவில்லை என்று பின்னால் எழுதினார். பயிற்சியின் அருமை தெரியாதவர் இல்லை அவர். 1956இல் பம்பாயில் அரசியலுக்கு வருபவர்களுக்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார்.

அப்படியானால் பயிற்சி எப்படி இருக்க வேண்டும்?

காலனியில் இருக்கும் சமுதாயக் கூடத்தில் நடக்கட்டும், தமிழில் நடக்கட்டும். தரையில் கோலப்பொடியால் ஊர் வரைபடம் போடச் சொல்லித் தருகிறார்களே, அதைக் காலனிப் பெண்கள் போடட்டும். குழாய், ரேஷன் கடை, பஸ் ஸ்டாப், சுடுகாட்டுப் பாதை எல்லாவற்றையும் குறித்துவிட்டு, எந்தப் பாதையில் யார் நடக்க முடியாது என்று சிவப்பில் ஒரு கோடு போடட்டும்.

சட்டம் நடைமுறையாகச் சொல்லித் தரப்பட வேண்டும். புகாரில் நேரம், இடம், பேசிய சொல், உடனிருந்தவர்கள் என எதையும் விடாமல் எழுதுவது எப்படி? வழக்கை டிஎஸ்பி நிலைக்குக் கீழே உள்ளவர் விசாரிக்கக் கூடாது. ஜாமீன் விசாரணையில் பாதிக்கப்பட்டவரையும் கேட்க வேண்டும் என்கிறது 15ஏ பிரிவு. சாட்சிக்குப் பயணப்படி உண்டு. மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். இவ்வளவும் ஒரு காலைப் பொழுதில் சொல்லிவிடலாம்.

பிறகு, நிறுவனம் தன்னையே பார்க்க வேண்டும். இயக்குநர் யார், கணக்கர் யார், வெயிலில் அலையும் களப்பணியாளர் யார்? ஹாலைக் கூட்டுவது யார்? இதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டட்டும்.

எதிர்க்கேள்வி வரும். சாதியைப் பேசினால் ஊருக்குள் விட மாட்டார்கள், நிதி நின்றுபோகும் என்பார்கள். இது பொய்யான பயமில்லை. 2020இல் வெளிநாட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தி, நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தார்கள். பெரிய நிறுவனம் சிறிய அமைப்புக்கு அந்தப் பணத்தைப் பிரித்துக் கொடுப்பதையும் தடுத்தார்கள். சின்ன அமைப்புகள் தள்ளாடுவது உண்மை. ஆனால் கோலப்பொடிக்கும் சமுதாயக் கூடத்துக்கும் எவ்வளவு செலவாகும்? ஏசி ஹாலுக்குத்தான் நிதி வேண்டும். ஊர்த்தெருவின் கோபத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டால், அந்தச் சேவை யாருடைய அனுமதியில் நடக்கிறது?

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா சொன்னார்: "அடுத்த தடவை நான் சொல்லித் தாரேன், அவங்க உக்காந்து கேக்கட்டும்." அவர் விளையாட்டாகச் சொன்னார். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பதினைந்து வருட அனுபவத்துக்கு, வெளியூர் பயிற்சியாளருக்குக் கொடுக்கும் அதே சன்மானத்தைக் கொடுத்து மேடையில் ஏற்ற வேண்டும்.

சமூகப்பணி, சமூகவியல் படிக்கும் தம்பி தங்கைகளே, களப்பயிற்சி என்று நாளை ஏதாவது ஒரு நிறுவனத்துக்குப் போவீர்கள். படிவத்தைக் கையில் கொடுப்பார்கள். அக்கா கேட்ட கேள்வியை நீங்களும் எழுந்து கேளுங்கள். 'சமூகச் சூழல்' என்று எழுதச் சொன்னால், சாதி என்றே எழுதுங்கள்.

ஜெய் பீம்.