கதை விமர்சனம்: வலிக்கிற இடம் அவங்க சொல்லட்டும், மருந்து நம்ம கையில

திருவிளையாடல் (1965) படத்தைப் பார்க்காதவங்க நம்ம கூட்டத்துல இருக்க மாட்டாங்க. தருமி பாட்டைக் கொண்டு போய் சபையில வாசிப்பார். நக்கீரர் குற்றம் சொல்வார். தருமி பேந்தப் பேந்த முழிப்பார். நாகேஷைப் பார்த்து சிரிச்ச சிரிப்புல ஒரு விஷயத்தை நாம கவனிக்கறதில்ல. தருமியால ஏன் பதில் சொல்ல முடியலை? பாட்டுல குற்றம் இருந்ததாலயா? இல்லீங்க. பாட்டு அவரோடது இல்ல, அவ்ளோதான்.

நாலு பேர் கூடி ஒருத்தர் கதையை ஒருத்தர் படிச்சு கருத்து சொல்ற குழுக்கள் பத்தி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் காட்சிதான் ஞாபகம் வரும். குழு சொல்ற திருத்தத்தையெல்லாம் அப்படியே போட்டுக்கிட்டே வந்தா, கடைசியில நம்ம கதைக்கு நாமளே தருமி ஆயிடுவோம். 'இந்த இடம் ஏன் இப்படி இருக்கு?'ன்னு யாராவது கேட்டா, 'அவர் சொன்னார், வெச்சேன்'னுதான் சொல்லணும்.

அதுக்காக யார் பேச்சையும் கேட்காதேன்னு சொல்ல வரலை. கேட்கணும். ஆனா எதைக் கேட்கணும், எதை விடணும்கறதுலதான் சூட்சுமம் இருக்கு.

ஒரு உதாரணம் சொல்றேன். எங்க குழுவுல ஆறு பேர். மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை, யாராவது ஒருத்தர் வீட்டு மொட்டை மாடி. தோழி ஒருத்தங்க ஒரு கதை கொடுத்தாங்க. முப்பது வருஷம் அச்சுக்கோத்த ஒரு கம்பாசிட்டர், அச்சகத்தை மூடப் போறாங்க. முதலாளி கூப்பிட்டு விஷயத்தைச் சொல்றார், இவர் 'சரிங்க'ன்னுட்டு வீட்டுக்கு வர்றார். கதை அவ்ளோதான்.

கருத்துகள் இப்படி வந்துச்சு. ஒருத்தர், 'பொண்டாட்டி பாத்திரம் பத்தலை, வளர்த்துங்க.' இன்னொருத்தர், 'முடிவு பொசுக்குன்னு முடியுது, இழுங்க.' மூணாமவர், 'அச்சக வரலாறு ரெண்டு பத்தி வருதே, அதை வெட்டுங்க.' நாலாமவர், 'முதலாளி சொல்ற மாதிரி மாத்தி எழுதுங்க.' நான் சொன்னது, 'மூணாம் பக்கத்துல எனக்கு கவனம் போயிடுச்சு.'

அஞ்சு பேர், அஞ்சு மருந்து (என்னோடது மருந்தே இல்ல, வெறும் புலம்பல் :-)). அவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? ஒவ்வொருத்தரும் கதையில எந்த இடத்தைப் படிச்சதுக்கப்புறம் இதைச் சொல்றாங்கன்னு பிரதியில பென்சிலால குறிச்சுக்கிட்டாங்க. எல்லாக் கோடும் மூணாம் பக்கத்துலயே வந்து விழுந்துச்சு. அவர் 'சரிங்க'ன்னு சொல்ற இடம். அவர் எதை இழக்கறார்னு படிக்கிறவனுக்கு அங்க தெரியலை. அதனாலதான் ஒருத்தருக்கு பொண்டாட்டி வேண்டியிருந்துச்சு, ஒருத்தருக்கு நீளமான முடிவு வேண்டியிருந்துச்சு.

அடுத்த மாசம் கொண்டு வந்த வடிவத்துல அந்த அஞ்சு யோசனையில ஒண்ணுகூட இல்ல. ஒரே ஒரு பத்திதான் புதுசு. அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது அவர் விரல் வெறும் தரையில எழுத்து இருக்கிற கட்டங்களைத் தேடிப் போகுது. கண்ணால பார்க்காமலே 'க' எங்க, 'ம' எங்கன்னு தெரிஞ்ச விரல். படிச்சு முடிச்சதும் மொட்டை மாடியில கொஞ்ச நேரம் யாரும் பேசலை.

ஆங்கில எழுத்தாளர் நீல் கெய்மன் 2010ல கார்டியன் பத்திரிகைக்குக் கொடுத்த எழுத்து விதிகள்ல ஒண்ணு கிட்டத்தட்ட இதேதான். ஏதோ சரியில்லன்னு வாசகன் சொன்னா பெரும்பாலும் அவன் சொல்றது சரி. அதை எப்படிச் சரி பண்றதுன்னு சொன்னா பெரும்பாலும் தப்பு.

மருந்தையும் அடுத்தவரே கொடுத்தா என்ன ஆகும்? ரேமண்ட் கார்வர் கதையைப் பாருங்க. 1981ல வந்த அவரோட தொகுப்பை எடிட்டர் கார்டன் லிஷ் பாதிக்கு மேல வெட்டினார். கார்வர் 1980ல, புத்தகத்தை நிறுத்துங்கன்னு லிஷுக்கு கெஞ்சிக் கடிதம் எழுதினார். புத்தகம் வெட்டினபடியேதான் வந்துச்சு, பேரும் வாங்கிச்சு. அதுல 'தி பாத்'ங்கற கதை டெலிபோன்ல ஒரு குரல் பேசறதோட நின்னுடும். அதே கதையை கார்வர் 1983ல 'எ ஸ்மால், குட் திங்'னு முழுசா வெளியிட்டார். அதுல பையனை இழந்த அப்பா அம்மாவை பேக்கரிக்காரர் உட்கார வெச்சு ரொட்டி கொடுப்பார். அந்த வருஷ ஓ. ஹென்றி பரிசுல முதலிடம் அதுக்குத்தான். லிஷ் வெட்டினது நல்லா இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த ரொட்டி கார்வரோடது.

சிலர் சொல்வாங்க, 'இந்தக் குழு விமர்சனமெல்லாம் அமெரிக்கா இறக்குமதி.' அயோவா பல்கலைக்கழகப் பட்டறை 1936ல ஆரம்பிச்சது உண்மைதான். ஆனா தொல்காப்பியத்துக்கு இருக்கிற பாயிரமே, அது பாண்டியன் அவையில அதங்கோட்டு ஆசான் முன்னால அரங்கேறினதாத்தான் சொல்லுது. படைச்சதைச் சபையில வெச்சு கேள்வி கேட்க விடுறது நமக்கு ஒண்ணும் புதுசு இல்ல சாமி.

நம்ம ஊர்க் குழுக்கள்ல நான் பயப்படுறது கடுமையான விமர்சனத்துக்கு இல்ல. 'அருமை'ங்கற சொல்லுக்குத்தான். எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி வேற ஒரு குழுவுல கதை வாசிச்சான். எல்லாரும் 'அருமை'ன்னாங்க. பத்திரிகைக்கு அனுப்பினான், திரும்பி வந்துச்சு. இன்னொண்ணுக்கு அனுப்பினான், அதுவும் வந்துச்சு. எங்க இடிக்குதுன்னு சொல்ல ஒருத்தர்கூட இல்ல. அப்புறம் அவன் எழுதவே இல்ல. கதை மோசம்னு சொல்லியிருந்தாகூட கோபத்துலயாவது ஒண்ணு எழுதியிருப்பான்.

அதனால குழு வெச்சிருக்கிறவங்களுக்கு என் ரெண்டணா யோசனை:

1. கருத்து சொல்றவங்க, படிக்கும்போது உங்களுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. 'இங்க சிரிச்சேன், இங்க குழம்பினேன், இங்க தாண்டிப் போயிட்டேன்.' எந்தப் பக்கம், எந்த வரின்னு கையை வெச்சுக் காட்டுங்க.

2. தீர்வு சொல்றதுக்கு முன்னாடி, 'சொல்லட்டுமா?'ன்னு கேளுங்க. நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990ல உருவாக்கின விமர்சன முறையில இது கட்டாயம். அபிப்பிராயம் சொல்றது அதுல கடைசிப் படி, அதுவும் படைச்சவர் சம்மதிச்சாத்தான்.

3. எழுதினவங்க, வாதாடாம குறிச்சுக்குங்க. ஒருத்தர் மட்டும் இடிக்குதுன்னா அது அவர் ரசனையா இருக்கலாம். மூணு பேர் ஒரே இடத்துல தடுக்கி விழுந்தா அங்க கல் இருக்கு.

4. அன்னிக்கே திருத்தாதீங்க. ஒரு வாரம் ஊறட்டும்.

கல் இருக்குன்னு சொல்ல ஊரே வேணும். அதைப் புரட்டிப் போடறதா, சுத்திப் போறதா, இல்ல அது மேலயே ஏறி உட்கார்ந்துக்கறதாங்கறதை எழுதறவன் மட்டும்தான் முடிவு பண்ணணும்.

பி.கு: இதைப் படிச்சுட்டு 'அருமை'ன்னு மட்டும் சொல்லிட்டுப் போறவங்களுக்கு மொட்டை மாடியில டீ கிடையாது :-)