பிழைக் காசைத் தேடும் முன் சரியான காசைப் படிப்போம்

போன மாதம் புக்கிட் காத்திலில் உள்ள அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். படிவம் இரண்டில் படிக்கும் அவர் மகன் ஒரு செம்புக் காசை என் கையில் வைத்தான். "மாமா, இது பிழைக் காசு. நாணயச்சாலைக் குறி விழாமல் போய்விட்டது. முகநூலில் 80 வெள்ளிக்கு வாங்கினேன்" என்றான்.

நடுவில் ஓட்டை, 1944 என்று ஆண்டு. நம் பெரியவர்கள் சொல்வார்களே, அந்த ஓட்டைக் காலணாதான். இரண்டாம் உலகப் போரின்போது உலோகத்தை மிச்சப்படுத்த இந்தியாவில் ஓட்டையோடு அடித்த காசு. கப்பலேறி இங்கு வந்த என் தாத்தாவின் பிஸ்கட் டின்னில் இதே காசு ஐந்தாறு கிடந்தது.

முகம் வாடும் என்று தெரிந்தும் சொன்னேன்: "இதில் பிழையே இல்லை, ஐயா." அந்நாளில் பம்பாய் நாணயச்சாலை சிறு வைர வடிவத்தையோ புள்ளியையோ குறியாக இட்டது. லாகூர் ‘எல்’ எழுத்தை இட்டது. கல்கத்தாவோ குறி எதையும் இடுவதில்லை. ஆகவே குறி இல்லாத காசு என்றால் பெரும்பாலும் அது கல்கத்தாக் காசு. அவ்வளவுதான். நம் நாட்டில் புழங்கிய ஒரு சென் காசிலும் இத்தகைய குறி கிடையாது. அதையும் ‘குறி விடுபட்ட காசு’ என்று யாராவது விற்க வந்தால் ஏமாந்துவிடாதீர்கள்.

சரியானது எது என்று தெரியாதவருக்குப் பிழை எது என்று எப்படித் தெரியும்? மாணவர்களே, நான் சொல்ல வருவது இதுதான்.

உண்மையான பிழைக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1922இல் அமெரிக்காவின் ஒரு சென்ட் காசை டென்வர் நாணயச்சாலை மட்டுமே அடித்தது. அப்படியானால் அவ்வாண்டுக் காசு ஒவ்வொன்றிலும் ‘டி’ என்ற குறி இருந்தாக வேண்டும். அச்சு தேய்ந்துபோனதால் சில காசுகளில் அந்த எழுத்து விழவில்லை. இது பிழைதான், விலையும் அதிகம். விலை அதிகம் என்பதாலேயே ‘டி’யைச் சுரண்டி எடுத்து விற்றவர்களும் உண்டு.

எனவே, காசு கைக்கு வந்ததும் மூன்று கேள்விகள் கேளுங்கள். முதலாவது, அந்த ஆண்டில் எந்தெந்த நாணயச்சாலைகள் இதை அடித்தன, எந்தக் குறியை இட்டன? இரண்டாவது, இந்தக் குறை அச்சிலேயே வந்ததா? அச்சின் குழியில் எண்ணெய்ப் பசை அடைத்தால் குறி மங்கலாக விழும். குறியைக் கையால் தட்டிப் பதித்த காலத்தில் இரண்டாம் தட்டு சற்று விலகினால் இரட்டையாக விழும். மூன்றாவது, காசு வெளியே வந்த பிறகு தேய்ந்ததா, யாராவது சுரண்டினார்களா? பத்து மடங்கு உருப்பெருக்கியும் பக்கவாட்டில் பிடித்த கைவிளக்கும் போதும். சுரண்டிய இடத்தில் கீறல் தெரியும். சுற்றியுள்ள பரப்பின் நிறமும் மாறியிருக்கும். அதே ஆண்டின் நல்ல காசு ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

இதெல்லாம் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்க வேண்டாம். மலாக்காவை 1641இல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். அவர்களுடைய கம்பெனியின் ‘டூயிட்’ செம்புக் காசில் கோட்டைக் குறி இருந்தால் அது ஸீலாந்து மாநிலத்தில் அடித்தது. ரோஜாக் குறி இருந்தால் ஹாலந்து மாநிலத்தில் அடித்தது. விரல் நுனியளவுக் காசு, அது எங்கிருந்து கடல் தாண்டி வந்தது என்று சொல்கிறது. தாத்தாவின் காலணாவும் அப்படித்தான். தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் வரலாற்றை இப்படிக் கையில் எடுத்துப் பார்க்கத் தமிழ்ப்பள்ளிகளில் ஒரு நாணயக் கழகம் இருந்தால் என்ன? பெரிய செலவில்லை. வீட்டில் கிடக்கும் பழைய காசுகளும் நான்கு உருப்பெருக்கிகளும் போதும்.

என் தவற்றையும் சொல்லிவிடுகிறேன். சிறுவனாக இருந்தபோது, தீபாவளிக்குக் குத்துவிளக்கு துலக்கிய புளியை எடுத்துத் தாத்தாவின் காசுகளையும் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். எல்லாரும் பாராட்டினார்கள். பழஞ்செம்பின் இயல்பான நிறம் அன்றே போயிற்று. நுண்ணிய குறிகளும் மழுங்கிவிட்டன. அவற்றில் எது பம்பாய், எது கல்கத்தா என்று இன்று என்னாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நீங்கள் தயவுசெய்து தேய்க்காதீர்கள்.

அக்காள் மகனின் 80 வெள்ளி போனது போனதுதான். ஆனால் அன்று மாலையே அந்த பிஸ்கட் டின்னைத் திறந்து, ஒவ்வொரு காசின் ஆண்டையும் குறியையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கிவிட்டான். இனி யாராவது பிழைக் காசு என்று நீட்டினால், விலையை அல்ல, குறியைத்தான் முதலில் கேட்பான். உங்கள் வீட்டிலும் அப்படியொரு டின் இருக்கும். இந்த விடுமுறையில் திறந்து பாருங்கள். பக்கத்தில் பாட்டியையும் உட்கார வையுங்கள்.