விலங்குப் பயிற்சியில் வெகுமதியின் இடம்

போட்டிகளுக்கென நாய்களைப் பழக்குவோரிடையே இரு கொள்கைகள் நெடுங்காலமாக நிலவி வருகின்றன. அடிக்கு அஞ்சும் நாயே சொற்கேட்கும் என்பது ஒன்று. செய்த செயலுக்கு உடனே வெகுமதி பெறும் நாயே விரும்பிச் சொற்கேட்கும் என்பது மற்றொன்று. இவற்றுள் எது தக்கது எனத் துணிவதற்கு, மைசூரு நகரில் ஆண்டுதோறும் யானைகளுக்கு அளிக்கப்படும் பயிற்சி நல்ல சான்றாக உதவுகிறது.

விஜயதசமியன்று மைசூரு அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் வரை ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தூரம் யானைகள் ஊர்வலமாகச் செல்கின்றன. தலைமை யானை சுமக்கும் பொன் அம்பாரியின் எடை ஏறத்தாழ 750 கிலோகிராம். அன்று 21 பீரங்கி வேட்டுக்களும் முழங்கும். திரண்டிருக்கும் மக்களின் நடுவே ஒரு யானை மிரண்டோடினால் என்ன நேரும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆதலின், வன முகாம்களிலிருந்து யானைகள் பல வாரங்களுக்கு முன்பே நகருக்குக் கொண்டுவரப்பட்டு, நாள்தோறும் ஊர்வலப் பாதையில் நடத்தப்படுகின்றன. முதுகில் ஏற்றும் மணல் மூட்டைகளின் எடை சிறிது சிறிதாகக் கூட்டப்படுகிறது. பின்னர் மர அம்பாரி ஏற்றப்படுகிறது. பீரங்கி ஒலியும் பன்முறை கேட்பிக்கப்பட்டுப் பழக்கப்படுகிறது. தேங்காயும் வெல்லமும் சேர்ந்த சிறப்புணவும் அளிக்கப்படுகிறது.

பாகர் கையில் அங்குசம் உண்டு; யானையின் காலுக்குச் சங்கிலியும் உண்டு. இதனை மறைப்பதில் பயனில்லை. எனினும், பீரங்கி ஒலிக்கு அஞ்சாதிருக்க அங்குசம் கற்பிக்க மாட்டாது. மிரளும் விலங்கைக் குத்தினால், ஒலியைப் பற்றிய அச்சத்தோடு வலியைப் பற்றிய அச்சமும் சேரும். சிறு சிறு படிகளும், பழகிய பாகரின் அண்மையும், படி ஒவ்வொன்றன் முடிவிலும் கிட்டும் இன்பமுமே அச்சத்தைத் தணிக்க வல்லவை.

விஞ்ஞானமும் இதனையே வலியுறுத்துகிறது. இன்பமான விளைவைத் தரும் செயலை விலங்கு மீண்டும் செய்யும் என்பதை, அமெரிக்க உளநூல் அறிஞர் தார்ண்டைக் பூனைகளைக் கொண்டு ஆராய்ந்து 1898-இல் வெளியிட்டார். ருஷ்ய விஞ்ஞானி பாவ்லாவின் நாய்கள், உணவுக்கு முன் வழக்கமாகக் கேட்ட ஒலிக்கே உமிழ்நீர் சுரந்தன. நாய் வலியையும் இவ்வாறே இடத்தோடும் ஆளோடும் இணைத்துக் கொள்ளும். களத்தில் அடிபட்ட நாய் களத்தையே வெறுப்பதில் வியப்பில்லை.

வெற்றிக் கோப்பை உரிமையாளருக்கு உரியது. நாய் அதனை அறியாது. நாய்க்குரிய பரிசு, செயல் முடிந்த கணத்திலேயே கிட்ட வேண்டும். தாமதித்தால், உட்கார்ந்ததற்கென அளித்த இறைச்சித் துண்டு எழுந்ததற்கு அளித்ததாகிவிடும். பரிசு உணவாகவே இருத்தல் வேண்டும் என்பதும் இல்லை. கர்நாடகத்தின் முதோல் நாயும் தமிழ்நாட்டின் இராஜபாளையம் நாயும் வேட்டைக்கென வளர்க்கப்பட்டவை. ஓடித் துரத்தும் விளையாட்டு அவற்றுக்கு உணவினும் இனிதாகலாம்.

வெகுமதியால் பழகிய நாய், வெகுமதி இல்லாவிடத்துக் கீழ்ப்படியாது என்பர் சிலர். கீழ்ப்படிதல் போட்டிகள் பலவற்றில் களத்தினுள் உணவளிக்க விதி இடந்தராமையால், இத்தடை புறக்கணிக்கத் தக்கதன்று. ஆயினும், விடையும் உண்டு. எப்போதாவது மட்டும் வெகுமதி பெறும் செயல், எப்போதும் பெறும் செயலினும் நெடிது நிலைக்கும் என்பதை ஸ்கின்னர் முதலானோரின் ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. எனவே, தொடக்கத்தில் ஒவ்வொரு முறையும், பழகியபின் சிற்சில முறையும் அளித்தல் வேண்டும். செயலுக்கு முன் உணவைக் காட்டி இழுப்பது இலஞ்சம். செயலுக்குப் பின் அளிப்பது ஊதியம். இவ்வேறுபாட்டை உணராமையாலேயே இம்முறை பழிக்கப்படுகிறது.

மாணவரை விலங்கோடு ஒப்பிடுதல் தகாது. எனினும், அச்சம் கற்றலைக் குலைக்கும் என்பது இரு சாரார்க்கும் பொது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் உடல்தண்டனையைத் தடை செய்திருப்பதை ஆசிரியர்கள் அறிவர். களப் பணியாளரும் கோலை ஓங்குமுன் ஒன்றை ஆராய வேண்டும்: எதிரே நிற்கும் விலங்கு பணிய மறுக்கிறதா, அன்றி இன்னும் விளங்கிக் கொள்ளாமலோ அஞ்சியோ நிற்கிறதா? பின்னது எனின், திருந்த வேண்டியது பயிற்சியேயன்றி விலங்கன்று.