பந்தல் வேலைக்கும் பட்டப்படிப்பா?

பிளஸ் டூ முடிவு வெளியானதும் பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து மின்கம்பங்களில் வண்ண வண்ணமாக விளம்பரங்கள் தொங்கத் தொடங்கிவிடுகின்றன. முன்பு நர்சிங், பிறகு கம்ப்யூட்டர், அதன் பிறகு ஹோட்டல் மேனேஜ்மென்ட். இப்போது 'ஈவன்ட் மேனேஜ்மென்ட்', 'ஈவன்ட் மார்க்கெட்டிங்'. நம் தமிழ்க் குடும்பங்களில் இதைக் குறித்து இரண்டு விதமான பேச்சு கேட்கிறது. "கல்யாணப் பந்தல் போடுகிறவனுக்குக் காலேஜ் எதற்கு?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். "சினிமா நட்சத்திரங்களோடு பழகலாம், விமானத்தில் பறக்கலாம்" என்று பிள்ளைகள் கனவு காண்கிறார்கள். இரண்டுமே சரியல்ல என்பது என் கருத்து. ஏன் என்பதைப் பெற்றோர்களின் சிந்தனைக்கு வைக்கிறேன்.

முதலில் இந்தப் படிப்பு என்ன என்று பார்ப்போம். ஒரு நிகழ்ச்சியைத் திட்டமிட்டு, செலவுக்கு வரவு தேடி, ஆட்களை வரவழைத்து, நடத்தி முடித்து, கணக்கை ஒப்படைப்பது ஈவன்ட் மேனேஜ்மென்ட். ஒரு பொருளையோ நிறுவனத்தையோ மக்களிடம் கொண்டு சேர்ப்பதற்காகவே நிகழ்ச்சி நடத்துவது ஈவன்ட் மார்க்கெட்டிங். கண்காட்சி, விற்பனையாளர் மாநாடு, புதுப்பொருள் அறிமுக விழா எல்லாம் இதில் அடங்கும். நம் பாலராமபுரத்துக் கைத்தறி வேட்டியைக் கடை அலமாரியில் வைத்து விற்பது ஒரு வழி. தறியையே மேடைக்குக் கொண்டுவந்து, நெசவாளியை நெய்யச் சொல்லி, பார்க்கிறவர் கையால் தொட்டுப் பார்த்து வாங்கும்படி செய்வது இன்னொரு வழி. பின்னதுதான் இந்தப் படிப்பின் சாரம்.

இந்தத் தொழில் நமக்குப் புதிதல்ல, பெயர்தான் புதிது. நம் வீட்டு அடியந்திரங்களில் கலவறைக்கு ஒருவர், பந்திக்கு ஒருவர், பந்தலுக்கும் விளக்குக்கும் ஒருவர் என்று பொறுப்பைப் பிரித்துக் கொடுத்த பெரியவர்கள் எந்தக் கல்லூரிக்கும் போகவில்லை. அதைவிடப் பெரிய உதாரணம் ஆண்டுதோறும் நம் வாசல் வழியாகவே போகிறது. நவராத்திரிக்காக பத்மநாபபுரம் அரண்மனை தேவாரக்கட்டு சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னூற்று நங்கை ஆகிய மூன்று விக்கிரகங்களும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளும் ஊர்வலத்தைத்தான் சொல்கிறேன். முதல் இரவு குழித்துறை, மறுநாள் களியக்காவிளை எல்லையில் வரவேற்பு, அன்றிரவு நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயில், மூன்றாம் நாள் தலைநகரம். இரண்டு மாநிலப் போலீஸ், இரண்டு மாநில அறநிலையத் துறைகள், யானை, பல்லக்கு, தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்து, வழியெங்கும் தட்டு நிவேத்தியத்தோடு காத்து நிற்கும் வீடுகள். எல்லைக் கோடு 1956 நவம்பர் 1ஆம் தேதி குறுக்கே விழுந்த பிறகும் ஊர்வலம் தொடர்ந்து நடந்து வருகிறது. எங்கே, எப்போது, யார் பொறுப்பு என்பது எல்லோருக்கும் தெரிந்திருப்பதுதான் அதன் ரகசியம்.

அப்படியானால் கல்லூரிப் படிப்பு தேவையில்லை என்றுதானே ஆகிறது என்று கேட்கலாம். இல்லை. அனுபவம் என்பது பழகிய நிகழ்ச்சிக்கு, பழகிய கூட்டத்துக்குக் கைகொடுக்கும். புதிய இடத்தில், பத்து மடங்குக் கூட்டத்தில் அது போதாது. போதாதபோது என்ன நடக்கிறது என்பதை அண்மை ஆண்டுகளில் கண்டுவிட்டோம்.

2023 நவம்பர் 25 அன்று கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களே நடத்திய விழாவில், இசை நிகழ்ச்சிக்குக் காத்திருந்த கூட்டம் திறந்தவெளி அரங்கின் செங்குத்தான படிகளில் நெருக்கியடித்து இறங்கியதில் நான்கு பேர் மாண்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் சென்னையில் ஏ.ஆர். ரகுமான் இசை நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கியவர்கள் பலர் உள்ளே நுழையவே முடியாமல் திரும்பினார்கள். 2024 டிசம்பர் 29 அன்று கொச்சி கலூர் ஸ்டேடியத்தில் நடந்த பரதநாட்டிய விழாவில் தற்காலிக மேடையிலிருந்து சட்டமன்ற உறுப்பினர் உமா தாமஸ் விழுந்து படுகாயம் அடைந்தார். அந்த மேடையில் உறுதியான தடுப்பு இல்லை. 2025 செப்டம்பர் 27 அன்று கரூர் அரசியல் கூட்டத்தில் 41 உயிர்கள் போயின. இவற்றில் எதுவும் விதியின் விளையாட்டு அல்ல. கணக்குப் போடவேண்டியவர்கள் போடாமல் விட்டதன் விளைவு.

கணக்கு என்றால் என்ன கணக்கு? நான் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்து ரயில்வேயில் பொறியாளராக இருந்தவன். எங்கள் பிளாட்பாரங்களுக்கும் நடைமேம்பாலங்களுக்கும் பொருந்தும் அதே கணக்கு திருவிழாவுக்கும் பொருந்தும். சமதளத்தில் ஒரு மீட்டர் அகலமுள்ள வழியில் நிமிடத்துக்கு 82 பேர் வெளியேறலாம், படிக்கட்டு என்றால் 66 பேர்தான் என்று பிரிட்டன் நாட்டு விளையாட்டரங்குகளுக்கான பாதுகாப்பு வழிகாட்டி நூல் சொல்கிறது. 2,000 பேர் அமரும் ஆடிட்டோரியத்தில் மூன்று மீட்டர் வாசல் ஒன்று இருந்தால் எல்லோரும் வெளியே வர எட்டு நிமிடம் ஆகும். அந்த வாசலில் பாதிக்கு மேல் வரவேற்பு வளைவும் பூத்தொட்டியும் அடைத்துக்கொண்டு 1.2 மீட்டர் மட்டும் மிஞ்சினால் இருபது நிமிடம். மின்கசிவில் புகை கிளம்பினால் யார் இருபது நிமிடம் காத்திருப்பார்கள்? அலங்காரத்துக்கு ஆயிரங்களைச் செலவிடும் நாம் இந்த ஒரு வகுத்தல் கணக்கைப் போடுவதில்லை. சதுர மீட்டருக்கு ஐந்து பேருக்கு மேல் நெருங்கினால் மனிதன் தன் காலால் நகர்வதில்லை, கூட்டம்தான் அவனை நகர்த்துகிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2014ஆம் ஆண்டிலேயே கூட்ட மேலாண்மைக்கென்று தனி வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. அதைப் பாடமாக நடத்தும் கல்லூரி நல்ல கல்லூரி.

ரயில்வேயில் 'பிளாக்' என்று சொல்வோம். பாலத்தில் கர்டர் மாற்றவோ தண்டவாளம் புதுப்பிக்கவோ இரண்டு மூன்று மணி நேரம் வண்டிகளை நிறுத்தித் தருவார்கள். அந்த மூன்று மணி நேரத்துக்கு வாரக்கணக்கில் தயாராவோம். எந்த நிமிடம் எந்த வேலை, யார் கையில் எந்தக் கருவி, கிரேன் பழுதானால் மாற்று என்ன, மழை பெய்தால் என்ன, வேலையாட்களுக்குக் குடிதண்ணீர் எங்கே என்பது வரை தாளில் எழுதியிருக்கும். நேரம் தவறினால் அடுத்தடுத்து எத்தனையோ வண்டிகள் தாமதமாகும். இந்தப் பிள்ளைகள் படிக்கப்போவதும் இதே ஒழுங்கைத்தான். ஆகவே இதை இளக்காரமாகப் பேசவேண்டாம்.

இன்னொன்று. இந்தத் தொழிலுக்கு நம் எல்லைப்புறப் பிள்ளைகளுக்கு இருக்கும் தகுதி கொச்சியிலோ சென்னையிலோ உள்ள பிள்ளைகளுக்குக் கிடையாது. வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், பள்ளியில் ஆங்கிலம். தோவாளைப் பூச்சந்தையில் பேரம் பேசவும் தெரியும், நெய்யாற்றின்கரை நகரசபை அலுவலகத்தில் மனு எழுதவும் தெரியும். இரண்டு மொழியும் அரைகுறை என்று நாமே குறைப்பட்டுக்கொள்கிறோமே, அந்த இரண்டு மொழியும் இங்கே முதலீடு. கோவளத்திலும் பூவாறிலும் வெளியூர்க்காரர்கள் கல்யாணம் நடத்த வருகிறார்கள். நெய்யாற்றின்கரைத் தாலுகாவைச் சேர்ந்த விழிஞ்ஞத்தில் 2025 மே மாதம் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அங்கே தொழிலும் கூடும், தொழில் நிகழ்ச்சிகளும் கூடும். ஆனால் இந்த முதலீடு கைக்கு வரவேண்டுமானால் பிள்ளைக்குத் தமிழ் எழுதப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். பேச்சுத் தமிழ் மட்டும் வைத்துக்கொண்டு அழைப்பிதழ் அச்சிட முடியாது.

இனி எச்சரிக்கை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், தாயின் வளையலை அடகு வைத்து மகனைத் தனியார் நிலையம் ஒன்றில் ஓராண்டு டிப்ளமோவுக்குச் சேர்த்தது. 'நூறு சதவீதம் வேலை உறுதி' என்று எழுதியிருந்தார்கள். கிடைத்த வேலை, கல்யாண வாசலில் நின்று பன்னீர் தெளிப்பது. சான்றிதழை எந்தப் பல்கலைக்கழகமும் ஏற்கவில்லை. மேற்கொண்டு படிக்கவும் வழியில்லை.

ஆகவே பெற்றோர்களுக்கு நான் சொல்வது இது. முதலில் அங்கீகாரம் பெற்ற பட்டப்படிப்பு, பிறகுதான் மற்றவை. பி.காம். அல்லது பி.பி.ஏ. எடுத்து, அதோடு இந்தத் துறையைச் சேர்த்துக்கொள்ளட்டும். பல்கலைக்கழகத்தின் பெயரை யு.ஜி.சி. பட்டியலில் பாருங்கள். பி.பி.ஏ. என்றால் 2024-25 முதல் ஏ.ஐ.சி.டி.இ. ஒப்புதலும் வேண்டும். கேரளப் பல்கலைக்கழகங்களில் 2024இல் வந்த நான்காண்டுப் பட்டப்படிப்பில் மூன்றாண்டு முடித்தும் பட்டம் பெற்று வெளியே வரலாம், தொழிற்பயிற்சியும் அதில் ஒரு பகுதி. திருவனந்தபுரம் - கன்னியாகுமரி ரயில் பாதை 1979இல் திறந்த நாளிலிருந்து, தனுவச்சபுரத்தில் வண்டி ஏறும் பிள்ளை நாகர்கோவிலுக்கும் போய்ப் படிக்கலாம், திருவனந்தபுரத்துக்கும் போய்ப் படிக்கலாம். ஹாஸ்டல் செலவு இல்லை.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டிடத்தையும் ஏ.சி. அறையையும் பார்க்காதீர்கள். கேள்வி கேளுங்கள். போலீஸ் அனுமதிக்கும் தீயணைப்புத் துறைக்கும் மனு எழுதக் கற்றுத் தருகிறீர்களா? ஒலிபெருக்கியை இரவு பத்து மணிக்கு நிறுத்தவேண்டும் என்ற 2000ஆம் ஆண்டுச் சட்டவிதி பாடத்தில் உண்டா? பதினெட்டு சதவீத ஜி.எஸ்.டி. போட்டு பில் எழுதத் தெரியுமா? பிளாஸ்டிக் இலையும் கப்பும் இல்லாமல் கேரளத்தின் 'கிரீன் புரோட்டோகால்' முறையில் பந்தி நடத்தச் சொல்லித் தருகிறீர்களா? கடைசியாக, சென்ற ஆண்டு படித்து முடித்தவர்கள் இருவரின் தொலைபேசி எண்ணைக் கேளுங்கள். தரத் தயங்கினால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

வேலை நேரத்தையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லவேண்டும். ஊரெல்லாம் கொண்டாடும் நாளில்தான் இவர்களுக்கு வேலை. ஓணமும் பொங்கலும் இவர்களுக்கு விடுமுறை அல்ல. சிங்க மாதம் ஓடியாடி, கர்க்கடகத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டி வரும். வருமானம் ஒரே சீராக வராது. பெண் பிள்ளைகள் இரவு வேலை முடிந்து வீடு திரும்ப வண்டி ஏற்பாடு செய்யாத நிறுவனத்தில் சேரவேண்டாம். மாதச் சம்பளத்தில் வாழ்ந்து பழகிய நம் குடும்பங்கள் இதையெல்லாம் முன்கூட்டியே பேசித் தெளிந்துகொள்வது நல்லது.

நம் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுவிழாவை வெளி நிறுவனத்துக்குக் குத்தகை விடுவதை நிறுத்தி, ஒரு முறை நம் கல்லூரிப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். வரவு செலவுத் திட்டம், வாசல் கணக்கு, முதலுதவி, விளம்பரம் சேகரிப்பு எல்லாவற்றையும் அவர்கள் எழுதித் தரட்டும். பெரியவர்கள் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும். விழா முடிந்ததும் சங்கத்தின் முத்திரையோடு ஒரு அனுபவச் சான்றிதழ் கொடுங்கள். காசு வாங்கிக்கொண்டு அச்சடித்துத் தரும் டிப்ளமோவைவிட அதற்கு மதிப்பு அதிகம். செலவும் சங்கத்துக்கு மிச்சம்.